பிடரிச் சொட்டு

2037 மார்ச் 11 அன்று, வெள்ளமட்டம் பேரூராட்சியின் ஆறாவது வார்டில், ஒரு பெட்டை நாயின் இடது காது மடலிலிருந்து ஓர் உண்ணி எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரில் உண்ணி தென்படவில்லை.

அதற்கு இரண்டு மழைக்காலம் முன்புதான் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. முதலில் டெங்கு என்றார்கள். பிறகு தண்ணீரைக் குறை சொன்னார்கள். ஏழு குழந்தைகள் இறந்த பின்னர்தான் அது நாயுண்ணி வழியாகப் பரவுவது உறுதியானது. நாய்களை என்ன செய்வது என்று பேரூராட்சிக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது யாரும் சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் கொன்றுவிடலாம் என்றார் ஒருவர். மற்றவர்கள் அதை எப்படிச் செய்வது என்று மட்டும் பேசினார்கள். மகளை இழந்த ஒரு தகப்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு நாய்க்காகப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் தில்ஷாத் பேகம் மட்டும் எழுந்து, மூன்று மாதம் அவகாசம் கேட்டார்.

அவர் கொண்டுவந்த மருந்து சந்தைக்குப் புதிது. அதுவரை இருந்தவை எல்லாம் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கொல்லும் மருந்துகள். மாத்திரையாகக் கொடுத்தால் நாயின் ரத்தத்தில் கலந்திருக்கும். கடித்த பூச்சி சாகும். ஆனால் மாதாமாதம் கொடுக்க வேண்டும். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அது சரிப்படும். தெருநாயை மாதாமாதம் யார் பிடிப்பது? இந்தப் புதிய மருந்தை நாயின் வாய் எட்டாத பிடரியில், முடியை விலக்கி, ஒரே ஒரு முறை விட்டால் போதும். ஊர்க்காரர்கள் அதற்குப் பிடரிச் சொட்டு என்று பெயர் வைத்தார்கள்.

நாய்களைப் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. இஞ்ஞாசி தானாக வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் ஓர் அலுமினியப் பேசினில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு, கரண்டியால் அதன் விளிம்பைத் தட்டியபடி மார்க்கெட் ரோட்டில் நடப்பார். சத்தம் கேட்டு நாய்கள் சந்துகளிலிருந்து வெளியே வரும். ஊரில் அவர் கைக்குள் வராத நாய் கிடையாது.

முதல் முகாமன்று அவர் தில்ஷாத்திடம் அந்த மருந்தைப் பற்றி விசாரித்தார். இது எப்படிக் கொல்லும் என்பது அவர் கேள்வி.

"இது கொல்லாதுங்க அண்ணா. உண்ணிக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது. தோல்ல இருந்து வர்ற வாசனையை வச்சுத்தான் இது நாயி, இங்க ரத்தம் இருக்குன்னு கண்டுபிடிக்கும். அந்த வாசனையைத் தின்னுட்டு வாழுற ஒரு கிருமி இந்தச் சொட்டுல இருக்கு. நல்ல கிருமிதான். ஒருதடவை ஒட்டிக்கிச்சுன்னா ஆயுசுக்கும் தோல்லயே குடியிருக்கும். அப்புறம் உண்ணி நாய் மேலயே ஏறினாலும், ஏதோ கல்லு மேல ஏறினதா நெனச்சுக்கும்."

"அப்ப அது பட்டினி கெடந்து சாகும்."

"ஆமாங்கண்ணா."

"பாவம்தான்" என்றார் இஞ்ஞாசி. தில்ஷாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மருந்தோடு ஒரு பெட்டி நிறைய ரப்பர் கையுறைகள் வந்திருந்தன. தில்ஷாத் போட்டுக்கொண்டார். இஞ்ஞாசி முதல் நாயோடு கழற்றி வைத்துவிட்டார். ரப்பர் நாற்றம் பட்டால் நாய் மிரளும், மிரண்டால் கடிக்கும், ஒரு தடவை மிரண்ட நாய் மறுபடி என்னை நம்பி வராது என்றார். அது உண்மையும்கூட. ஒவ்வொரு நாயையும் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இருத்தி, வெறுங்கையால் பிடரியைத் தடவிக் கொடுத்து, சொட்டு விழுந்ததும் அது வழிந்துவிடாமல் விரலால் தேய்த்துவிடுவார். "முடிஞ்சுபோச்சு ராசா, போ" என்பார். கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். மாலையில் தலையைச் சொறிவார், முகத்தைத் துடைப்பார், பீடி பற்றவைப்பார். தெருநாய்கள் முடிந்ததும் வீட்டு நாய்கள், பிறகு பூனைகள், அடுத்த வருடம் குட்டிகள் என்று முகாம்கள் ஓயவில்லை. எத்தனை பிடரி அவர் கைவழியே போயிற்று என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

காய்ச்சல் நின்றது. நாய்களும் பிழைத்தன. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தத் தகப்பன் ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்து, தன் மகனின் பூனைக்குச் சொட்டு விடச் சொல்லிக் கேட்டார்.

சில விஷயங்கள் மாறின. சந்துக்குள் போய்த் திரும்பி வரும் நாயை அதன் கூட்டமே குரைத்து விரட்டியது. அது முனகிய பிறகுதான் அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. தாய்ப்பூனை தன் குட்டியையும் பக்கத்து வீட்டுக் குட்டியையும் வேறுபாடு பார்க்காமல் நக்கியது. சில தாய்கள் இரண்டையுமே நக்கவில்லை. தில்ஷாத் இவற்றை மருந்து தயாரித்த நிறுவனத்துக்குத் தெரிவித்தார். எதிர்பார்த்ததுதான், உயிருக்கு ஆபத்தில்லை என்று பதில் வந்தது.

இஞ்ஞாசியின் மனைவி ஆரோக்கியம் வேறொன்றைக் கவனித்தார். அவர் பள்ளியில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். கணவரின் சட்டைகளைத் துவைத்துக் காயவைத்து, உள்ளங்கையால் நீவி மடித்து, தன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பது அவர் வழக்கம். இஸ்திரிப் பெட்டி இருந்தும் அதுதான் பழக்கம். காலையில் மடிப்புக் கலையாமல் இருக்கும். சட்டையில் இப்போதெல்லாம் வியர்வை நாற்றமே இல்லை என்று அவர் கணவரிடம் சொன்னார். இனிமேல் உங்களுக்குச் சோப்புச் செலவு மிச்சம் என்று கேலி செய்தார். கொசுவும் இஞ்ஞாசியைக் கடிக்கவில்லை. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போய்வந்தால் எல்லோர் காலிலும் அட்டை தொங்கும். அவர் கால் சுத்தமாக இருக்கும். டீக்கடையில் அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டார். எங்களுக்கும் ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்க என்றார்கள் கடையில்.

வீட்டில் சொக்கி என்று ஒரு நாய் இருந்தது, அவர் கையில் வளர்ந்தது. ஒரு மழை நாளில் அவர் கோட்டும் தொப்பியுமாக உள்ளே வந்தபோது அது பாய்ந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டது. "சொக்கி" என்று அவர் சொன்னதும் விட்டது. காயம் பெரிதில்லை. அவர் வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"குரல் கேட்டாத்தான் நான்னு தெரியுது அதுக்கு" என்றார் ஆரோக்கியத்திடம்.

அந்தக் குரலும் குறையத் தொடங்கியது. முதலில் சொற்களைத் தேடினார். பிறகு தேடுவதையும் விட்டார். மின்சாரக் கம்பியின் நிறங்களை மறக்காதவர், தன் வீட்டு வாசலை மறந்து அடுத்த தெருவில் நின்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவர் இது மூளைக்கு வயதாகும் நோய், சொட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அது சரியாகவே இருக்கலாம். பேசினில் சோறு பிசைவதை மட்டும் அவர் மறக்கவில்லை. காலையில் ஆரோக்கியம் கூடவே நடந்தார். மற்ற நேரத்தில் வெளிக்கதவைப் பூட்டினார். திறக்கச் சொல்லி இஞ்ஞாசி கதவை அடிப்பதும், ஆரோக்கியம் உள்ளிருந்து சத்தம் போடுவதும் தெருவுக்கே கேட்கும்.

2039 செப்டம்பர் முகாமில் தில்ஷாத் இஞ்ஞாசியின் கால்களைப் பார்த்தார். உதவிக்கு வந்த எல்லோர் காலிலும் அட்டை கடித்த ரத்தம்; இவர் காலில் ஒன்றுமில்லை. பேச்சுக் கொடுத்தபடியே பஞ்சை அவர் உள்ளங்கையில் தேய்த்து, கல்லூரியில் ஆய்வுக்கூடம் நடத்தும் தோழிக்கு அனுப்பினார். தோழி தொலைபேசியில் அழைத்தார்.

"இது மனுஷனோடதுதானே, தில்ஷு? நாய்த் தோல்லகூட இவ்வளவு அடர்த்தியா நான் பார்த்ததில்ல. தொட்டதுல ஒட்டினது மாதிரி இல்ல, ஊறிப் போயிருக்கு."

ஆரோக்கியத்தின் கையில் அந்தக் கிருமி இல்லை. தில்ஷாத்தின் கையிலும் இல்லை. சும்மா தொட்டால் ஒட்டாது. மருந்து நீர்க்காமல், நாள்தோறும், வருடக்கணக்கில் பட வேண்டும். ஊரில் அப்படிப் பட்டவர் ஒருவர்தான். தில்ஷாத் இதைச் சொன்னபோது நிறுவனத்தில் இருந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். தோலுக்குக் கெடுதல் இல்லை, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, பிறகு என்ன என்று கேட்டார்கள். மூன்று மாவட்டங்களுக்கு மருந்து போக இருக்கிறது, இப்போது வெளியே சொன்னால் மக்கள் பயந்து நாய்களை அடித்துக் கொல்வார்கள் என்றார்கள். தில்ஷாத்துக்கும் அந்தப் பயம் இருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

2039 நவம்பர் 14 காலையில், மழைக்கு நனைந்துவிடுமென்று ஆரோக்கியம் கொல்லைப்புறம் விறகை மூடப் போயிருந்த நேரத்தில் இஞ்ஞாசி வெளியே போனார். பேசின் சமையலறையிலேயே இருந்தது. அக்கம்பக்கத்தார் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். மாலையில் ஆரோக்கியம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

மறுநாள் மாவட்டத் தலைநகரிலிருந்து மோப்ப நாய் வந்தது. அதன் பெயர் பவானி. வெளியூர் நாய், சொட்டு விடப்படாதது. அதை நடத்தும் தலைமைக் காவலர் காசிராஜன், காணாமல் போனவர் உடுத்திய துணி ஏதாவது வேண்டும் என்றார். ஆரோக்கியம் உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். பவானி முகர்ந்தது. வாசல்வரை போனது, கொல்லைக்குப் போனது, திரும்பி வந்து ஆரோக்கியத்தின் காலடியில் உட்கார்ந்தது. காசிராஜன் அதை விலக்கி அழைத்துப்போய் இஞ்ஞாசியின் சால்வையை முகரக் கொடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு முணுமுணுப்பு எழுந்தது. கதவு அடிக்கிற சத்தத்தைப் பற்றியும், ஆரோக்கியம் போட்ட சத்தத்தைப் பற்றியும் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

"ஏம்மா, உள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தீங்களாமே?"

"வச்சிருந்தேங்க."

"எதுக்கு?"

"தொலைஞ்சு போயிருவாருன்னுதாங்க."

இன்ஸ்பெக்டர் காசிராஜனைப் பார்த்தார். "ஐயா, என் நாய் பொய் சொல்லாதுங்க" என்றார் காசிராஜன். அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பவானியோடு அவர் பார்த்த வேலையில் அதுவரை அது பொய்யானதில்லை.

மறுநாள் காலைப் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வந்தது. வீட்டைச் சுற்றி ஓடிய மோப்ப நாய் மனைவியின் அருகே வந்து நின்றது அப்பகுதியில் பரபரப்பை ஏற்படுத்தியது என்று அதில் இருந்தது. அன்று தீயணைப்புத் துறையினர் வந்து வீட்டின் கழிவுத் தொட்டியைத் திறந்து இறைத்தார்கள். புதிதாக மண் கொத்திய அடையாளம் தெரிந்ததால் கொல்லையில் காரட் பாத்தியையும் தோண்டினார்கள். ஆரோக்கியம் அடுப்படியில் ஒரு பெண் காவலரோடு உட்கார்ந்திருந்தார். காட்டுக்குள் போங்க, அவரு தோட்டத்துப் பக்கம்தான் போயிருப்பாரு என்று அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் தன்னைத் திசைதிருப்பும் முயற்சியாக எடுத்துக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்தது. தோட்டத்துப் பக்கம் யாரும் போகவில்லை.

பவானி இரண்டாவது முறை ஆரோக்கியத்தின் காலடியில் உட்கார்ந்தபோது தில்ஷாத் கூட்டத்தில் இருந்தார். அது ஏன் என்று அந்த நொடியிலேயே அவருக்குப் புரிந்தது. எப்படியும் போலீஸ் காட்டிலும் தேடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அன்று மருந்தகத்துக்குப் போனார். தொட்டியை இறைத்த நாளிலும் போனார். மூன்று பசுக்களுக்கு ஊசி போட்டார். பதினேழாம் தேதி காலையில் காவல் நிலையத்துக்கு வந்தார்.

இன்ஸ்பெக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. வராந்தாவில் காசிராஜன் பவானிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும் உத்தரவுக்குக் காத்திருந்தார். தில்ஷாத், வீட்டு வாசலில் கிடந்த இஞ்ஞாசியின் ரப்பர் செருப்பை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

"இதை முகரக் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேம்மா. அதுதான் எனக்கும் புரியல. செருப்புலதான் ஆளோட வாசனை ரொம்ப இருக்கும். இது முகந்துட்டு என் மூஞ்சியப் பாக்குது, ஒண்ணுமில்லாததைக் கொடுத்து ஏமாத்துற மாதிரி."

"ஏன்னா அதுல ஒண்ணும் இல்ல. அவர்கிட்ட வாசனை கிடையாது சார். நாய்க்கு விடுற சொட்டு அவர் தோல்லயும் ஊறிடுச்சு. உண்ணிக்கு எப்படி நாய் தெரியாதோ, அதே மாதிரி உங்க நாய்க்கு அவர் தெரிய மாட்டார்."

காசிராஜன் செருப்பைக் கையில் வாங்கிப் புரட்டினார். "அப்ப சட்டை?"

"அந்தச் சட்டையத் துவைச்சது, நீவினது, மடிச்சது எல்லாம் அந்தம்மா. ராத்திரி தலைக்கு அடியில வச்சுப் படுக்கறதும் அவங்கதான். அதுல இருந்தது அவங்க வாசனை மட்டும். இது யாருன்னு நீங்க கேட்டீங்க. பவானி சரியாத்தான் காட்டுச்சு."

காசிராஜன் பவானியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எப்பலருந்து தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

தில்ஷாத் மறைக்கவில்லை. செப்டம்பரில் பஞ்சை அனுப்பியதைச் சொன்னார். பதினைந்தாம் தேதி கூட்டத்தில் நின்றதைச் சொன்னார். காசிராஜன் செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பவானியின் கழுத்துப் பட்டையைத் தேவையில்லாமல் சரிசெய்தார்.

"மூணு வருஷமா அக்யூஸ்டைப் பிடிச்சுக் கொடுத்திருக்கு இது" என்றார். "அந்தம்மா மூஞ்சிய இனி நான் எப்படிப் பாக்கறது?"

இன்ஸ்பெக்டர் வந்ததும் காசிராஜனே முதலில் பேசினார். அன்று முற்பகலில் தோட்ட நிர்வாகம் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு ஆட்களை அனுப்பியது. தேயிலைப் புதர்களுக்கு நடுவே வரிசை வரிசையாக நடந்தார்கள். "இஞ்ஞாசி அண்ணே" என்று கூப்பிட்டபடி போனார்கள். ஆரோக்கியத்தை விட்டுவிட்டார்கள். யாரும் அவரிடம் எதுவும் விளக்கவில்லை. பெண் காவலர் எழுந்து போய்விட்டார், அவ்வளவுதான். தில்ஷாத்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பிளந்து கிடந்த கொல்லையைப் பார்த்தபடி ஆரோக்கியம் முழுவதையும் கேட்டார்.

"பேர் சொல்லிக் கூப்பிடறாங்களா அங்க?"

"ஆமாம்மா."

"திரும்ப மாட்டாரே" என்றார். உள்ளே போய் அலுமினியப் பேசினையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்துச் சரிவில் ஆரோக்கியம் பேசினைத் தட்டிக்கொண்டு நடந்ததை அன்று பார்த்தவர்கள் நிறையப் பேர். மழை விட்டிருந்தது, பனி இறங்கியிருந்தது. சத்தம் கேட்டு ஊர் நாய்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நான்கு நாட்களாகச் சோறு இல்லாதவை. சொக்கியும் அதில் இருந்தது. ஒன்றையொன்று அறியாதவை போல் விலகி விலகி, ஆனால் பேசினை விடாமல், சரிவு முழுக்க அவர் பின்னால் இறங்கின. மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஏதோ ஊர்வலம் மாதிரி தெரிந்தது. இருட்டும்வரை நடந்தார். மறுநாளும் நடந்தார்.

பத்தொன்பதாம் தேதி, தோட்டத்தின் மூன்றாவது டிவிஷனில், பழைய எடைக் கொட்டகைக்குக் கீழே, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் இஞ்ஞாசி உட்கார்ந்த நிலையில் இருப்பதை இருதயமேரி என்ற தொழிலாளி கண்டார். முதுகை மரத்தில் சாய்த்திருந்தார். செருப்பில்லாத கால்களில் ஒன்று முறிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. தூங்குகிறார் என்றே நினைத்து, "அண்ணே, ஏந்திரிங்க" என்று தோளைத் தொட்டதாக இருதயமேரி பிறகு சொன்னார்.

அந்த மரத்துக்குப் பத்தடி மேலேதான் நடைபாதை. ஆரோக்கியம் அதன் வழியாக முந்தைய நாள் இரண்டு முறை போயிருந்தார். புதர் மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை. கூடப் போன நாய்களில் சில பாதையை விட்டு இறங்கி மரத்தை ஒட்டியே நடந்திருக்கின்றன. ஈர மண்ணில் தடம் இருந்தது. அவை நிற்கவில்லை.

உடலைப் பரிசோதித்த அரசு மருத்துவர் இளவயதுக்காரர். தில்ஷாத்தைக் கூட வைத்துக்கொண்டு ஆரோக்கியத்திடம் பேசினார். கால் முறிந்து நகர முடியாமல் இருந்திருக்கிறார், குளிர்தான் காரணம், வேறு யாரும் எதுவும் செய்யவில்லை என்றார். வழக்கு இல்லை, உடலை வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஆரோக்கியம் எழுந்திருக்கவில்லை.

"எப்பங்க போச்சு உசிரு?"

மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒரு நாள் ரெண்டு நாள்னா உடம்பு விறைப்பை வச்சுச் சொல்லிடலாம்மா. அதுக்கு மேல போச்சுன்னா பூச்சியை வச்சுத்தான் சொல்லுவோம். ஈ எப்ப முட்டை வச்சது, புழு எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்ப்போம். இவர் மேல ஒரு ஈகூட உட்காரல. எறும்புகூட ஏறல. அந்தக் கிருமி உடம்போட சாகல போலிருக்கு, இன்னும் பெருகியிருக்கு. இந்தக் குளிர்ல விறைப்பையும் நம்ப முடியாது. எனக்கு இதுல பிடிக்க எதுவுமே இல்ல."

"நீங்க உத்தேசமாச் சொல்லுங்க."

"போன அன்னைக்கு ராத்திரியா இருக்கலாம். நேத்துச் சாயங்காலமாவும் இருக்கலாம்."

ஆரோக்கியம் சேலைத் தலைப்பை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"அவங்க தொட்டிய இறைச்சிட்டு இருந்தப்ப அவரு இருந்தாருங்களா?"

"தெரியலம்மா."

"நான் மேல பேசினைத் தட்டிட்டுப் போனப்ப?"

"தெரியலம்மா. யார் பார்த்தாலும் இதைத்தான் சொல்ல முடியும்."

தில்ஷாத் சுவரோரம் நின்றிருந்தார். பதினைந்தாம் தேதியே சொல்லியிருந்தால் என்று அவர் தொடங்கினார். ஆரோக்கியம் அதை முடிக்க விடவில்லை.

"நீங்க போங்க டாக்டரம்மா. மருந்தகம் திறக்கணுமில்ல."

கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

அந்தக் கிருமி மனிதத் தோலிலும் ஊறும் என்ற செய்தி வெளியான வாரத்தில் ஊரில் நாய்களை யாரும் கொல்லவில்லை. பேரூராட்சி கூட்டம் போட்டது. காய்ச்சலா சொட்டா என்று பேச்சு வந்தபோது, பழைய கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்த அந்தத் தகப்பன் இந்தமுறை முன்வரிசையில் இருந்தார்; சொட்டு தொடரட்டும் என்றார். கையுறை இல்லாமல் யாரும் மருந்தைத் தொடக்கூடாது என்று அரசாணை வந்தது. மூன்று மாவட்டங்களுக்கும் மருந்து திட்டமிட்டபடி போய்ச் சேர்ந்தது. அங்கும் காய்ச்சல் குறைந்தது. காசிராஜன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரண உடையில் வந்து, தோண்டிக் கிடந்த பாத்தியை மண்வெட்டியால் சமன் செய்து கொடுத்துவிட்டுப் போனார். ஆரோக்கியம் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். இருவரும் பவானியைப் பற்றிப் பேசவில்லை. தில்ஷாத் பேகம் விண்ணப்பித்து வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு ஆரோக்கியம் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் இறந்த தேதியைக் கேட்டார். ஆரோக்கியம் காணாமல் போன தேதி, கண்டெடுத்த தேதி என்று இரண்டைச் சொன்னார். கல்லறையில் கண்டெடுத்த தேதிதானே போட்டிருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே என்றார் சாமியார். ஆரோக்கியம் ஒப்புக்கொள்ளவில்லை. நடுவில் இருக்கிற நாட்களும் வேண்டும் என்றார்.

2040 நவம்பர் 14 முதல் 19 வரை, வெள்ளமட்டம் பங்குக் கோயிலில் எல்லா நாட்களிலும் காலைப் பூசையில் இஞ்ஞாசியின் பெயர் வாசிக்கப்பட்டது.